ரவுண்டா, பிளாட்டா, டேப்பா? பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கும் முன்

பேஸ் வாசிக்கிற தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் பெடலைப் பற்றித்தான், அதாவது ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி. "அண்ணே, சவுண்ட் மந்தமா இருக்கு. எந்தப் பெடல் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கம்பி மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கிட்டார் கடையிலிருந்து வந்தபோது எந்தக் கம்பி இருந்ததோ அதுவே இன்னும் கிடக்கும், கறுத்துப்போய்.

சரி, மாற்றுவோம் என்று முடிவு செய்தால் அடுத்த சிக்கல். ரவுண்ட்வவுண்ட், பிளாட்வவுண்ட், டேப்வவுண்ட் என்று மூன்று வகை. விலை ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும். வாங்கி மாட்டிப் பார்த்துத்தான் தெரியும் என்றால், தவறான செட்டுக்குக் கொடுத்த காசு திரும்பாது.

மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே மாதிரி எஃகுக் கம்பிதான். அதன் மேல் சுற்றியிருப்பதில்தான் வித்தியாசம். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட். பட்டையாக நசுக்கிய நாடாவைச் சுற்றினால் பிளாட். சுற்றிய கம்பிக்கு மேலே நைலான் நாடாவை ஓட்டினால் டேப். பெரும்பாலும் கறுப்பாக இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பேஸ் எந்த ஸ்பீக்கரில் கேட்கப்போகிறது என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. பேஸின் தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி என்றால் 31. கல்யாண மண்டபத்தில் கட்டியிருக்கும் பெட்டிகளில் பல, சப்-வூஃபர் இல்லாவிட்டால், அந்த 41-ஐ உருப்படியாகத் தராது. செல்போன் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் பேஸ் நமக்குக் கேட்கிறதே, எப்படி? 82, 123, 164 என்று அதன் மடங்குகளாக மேலே வரும் ஒலிகளைக் கேட்டு, அடியில் இல்லாத சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே மேல் ஒலிகள் குறைவாக உள்ள கம்பி, நல்ல சிஸ்டத்தில் வெண்ணெய் மாதிரி இருக்கும். மோசமான சிஸ்டத்தில் ஆளே இருக்க மாட்டார்.

இரண்டாவது வியர்வை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் மேடையில் நின்று மூன்று மணி நேரம் வாசிப்பவனின் கை வேறு, ஏ.சி. ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவனின் கை வேறு. மூன்றாவது, கம்பியின் இழுவை நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, என்ன செய்கிறது, அதன் சொரசொரப்பு ஃப்ரெட்டையும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரலையும் என்ன செய்கிறது. நான்காவது காசு, அதுவும் ஆண்டுக் கணக்கில். கடைசியாக, எந்தப் பெடலோடு சேர்க்கப்போகிறீர்கள்.

## ரவுண்ட்வவுண்ட்

இன்று கடையில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது நிலைமை வேறு. அப்போது பேஸ் கம்பி என்றாலே பிளாட். 1960களின் நடுவில் தி ஹூ ராக் குழுவின் பேஸ்காரர் ஜான் என்ட்விசில், தன் கம்பிகள் பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனத்து ஆட்களோடு உட்கார்ந்து உருவாக்கியதிலிருந்துதான் ரவுண்ட் பேஸ் உலகத்தைப் பிடித்தது. அந்த ஸ்விங் பேஸ் 66 செட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

புது ரவுண்டில் ஸ்லாப் அடித்தால், அதாவது கட்டைவிரலால் கம்பியைத் தட்டினால், வருகிற 'ட்ஸிங்' வேறு எதிலும் வராது. பிக்கால் வாசித்தாலும் அப்படியே. மண்டபத்துப் பெட்டியிலும் வரும், போனிலும் வரும்.

ஆனால் அந்த ட்ஸிங்குக்கு ஆயுள் குறைவு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே சின்னச் சின்னப் பள்ளம் இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் தோல் துகளும் அதில் போய் அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட சுற்றுகள் ஒன்றையொன்று தேய்த்து மேல் ஒலிகளை விழுங்கிவிடும். எடை சீராக இல்லாததால் மேல் ஃப்ரெட்டில் சுருதியும் விலகும். சென்னைக் கோடையில் வாராவாரம் வாசிக்கும் எனக்கு ஒரு மாதத்தில் பளபளப்பு போய்விடும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் சேர்த்துத் துடைத்தால் இன்னும் சில வாரம் இழுக்கலாம்.

கம்பியை வேகவைத்தால் புதுசாகிவிடும் என்று ஒரு வைத்தியம் உண்டு. நானும் செய்திருக்கிறேன், அம்மா இல்லாத நேரம் பார்த்து அவர் குழம்பு வைக்கும் பாத்திரத்தில். உண்மையாகவே சத்தம் திரும்பி வந்தது, மூன்று நிகழ்ச்சிகளுக்கு. உள்ளே தங்கிய ஈரம் துருவைக் கொண்டுவந்தது. பாத்திரத்தில் இருந்த எண்ணெய்க் கறை எனக்குப் பேச்சையும் கொண்டுவந்தது. இப்போது செய்வதில்லை.

இதிலேயே நிக்கல் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இரண்டு. ஸ்டீல் இன்னும் கூர்மையாக ஒலிக்கும், வியர்வையையும் தாங்கும், ஃப்ரெட்டைத் தின்னும். நிக்கல் கொஞ்சம் மெத்து. முதல் முறை வாங்குபவர் நிக்கலிலேயே தொடங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு ஃப்ரெட்டில் இருக்கிறது. அரம் மாதிரியான கம்பி வருடக்கணக்கில் உரசினால் ஃப்ரெட்டில் பள்ளம் விழும், அதைச் சமப்படுத்தக் கூலி. ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் மரத்தையே அறுக்கும். பேஸ் வாசிப்பாளர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) ஜாஸ் பேஸில் ரவுண்ட் மாட்டுவதற்காகவே விரற்பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைப் பூசினார். நீங்கள் பூசப்போவதில்லை என்றால் கவனம்.

## பிளாட்வவுண்ட்

பிளாட் என்றதும் பேச்சு ஜேம்ஸ் ஜேமர்சனிடம் போய் நிற்கும். டெட்ராய்ட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் ஸ்டூடியோவில், 1962ஆம் வருட பிரிசிஷன் பேஸில், லா பெல்லா பிளாட் போட்டு, ஒற்றை விரலால் வாசித்தவர். அவருடைய செட் 52-இல் தொடங்கி 110 வரை போகும் தடித்த கம்பி. இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. இன்றைய சாதாரண செட் 45 முதல் 105 வரை. கம்பி அறுந்தால் ஒழிய அவர் மாற்றமாட்டார் என்பார்கள். உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வேறு. அந்தத் 'தும்' என்ற குறுகிய, தடித்த ஒலி டிரம்ஸின் கிக்கோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

பிளாட்டின் மேற்பரப்பு மூடியது. அழுக்கு இறங்கப் பள்ளமே இல்லை. முதலிலேயே மேல் ஒலி குறைவாக இருப்பதால், போவதற்கும் அதிகம் இல்லை. மாட்டிய புதிதில் லேசாக ஒரு உலோகக் கூர்மை இருக்கும், சில வாரங்களில் அடங்கும், அப்புறம் வருடக்கணக்கில் ஏறக்குறைய அப்படியே நிற்கும். என் பிளாட் செட் நான்காவது வருடத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடத்தைவிட இப்போது நன்றாக ஒலிக்கிறது என்று நினைக்கிறேன். வியர்வைக் கைக்காரர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

விரலுக்குச் சுகம். நகரும்போது 'கீச்' சத்தம் கிடையாது, ஒலிப்பதிவில் இதன் அருமை தெரியும். ஃப்ரெட்டும் அவ்வளவு தேயாது.

பிளாட் என்றால் பழைய பாட்டுக்கு மட்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் பிளாட் போட்டுத்தான் அந்தக் குதிரை ஓட்டம் வாசிக்கிறார். கம்பி ஃப்ரெட்டில் மோதும் அளவுக்கு விரல் வலுவாக விழுவதால் 'கடகட' என்று உலோகச் சத்தம் வருகிறது. கை எப்படியோ கம்பி அப்படி. இருந்தாலும் ஸ்லாப் உங்கள் அன்றாடமாக இருந்தால் பிளாட் வேண்டாம். தட்டினால் கதவைத் தட்டியது போல இருக்கும்.

இதன் மறைமுகச் செலவுகள் ரவுண்டைவிட அதிகம். அதே தடிமனில் பிளாட்டில் உலோகம் நெருக்கமாக நிறைந்திருப்பதால் எடை கூடுதல். எடை கூடினால், அதே சுருதிக்கு வர இழுவையும் கூட வேண்டும். இழுவை கூடினால் நெக் முன்பக்கம் வளைந்து, கம்பி ஃப்ரெட்டிலிருந்து எழும்பும். ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை, கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி சரிசெய்ய வேண்டும். பழக்கம் இல்லாதவர் செட்டப் கூலியையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் பிளாட்ஸ். 43 முதல் 100 வரை, இழுவை மிகக் குறைவு, ரப்பர் மாதிரி வளையும். விலைதான் வளையாது.

இன்னொன்று, என் கைக்காசு போட்டுக் கற்றது. ட்யூனிங் சாவியில் சுற்றுவதற்கு முன் அதிகப்படி நீளத்தை வெட்டுவோம் அல்லவா? பிளாட்டில் வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியை நன்றாக மடக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் நேராக வெட்டினேன். உள்கம்பியின் மேலிருந்த நாடா பிடி நழுவித் தளர்ந்துவிட்டது, புத்தம்புது ஈ கம்பி செத்த கம்பி ஆனது. தனியாக ஒரு கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. முழு செட்டாகத்தான் வாங்கினேன்.

ஐந்து கம்பி பேஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாட்டில் பி கம்பி பெரும்பாலும் எனக்குக் குழம்பியே கேட்கிறது; நான்கு கம்பியும் தெளிவாகப் பேச, ஐந்தாவது மட்டும் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. நம் ஊர்க் கடைகளில் ஐந்து கம்பி பிளாட் கிடைப்பதும் அரிது.

## டேப்வவுண்ட்

நைலான் மேலே இருந்தாலும் உள்ளே எஃகு என்பதால், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் சாதாரண பிக்கப்பே போதும். டபுள் பேஸ் மாதிரியான காற்று கலந்த, மரம் கலந்த ஒலி. இழுவை பொதுவாகக் குறைவு, விரலுக்குப் பட்டு. ஃப்ரெட்லெஸ் வைத்திருப்பவர் எபாக்சி இல்லாமலே பலகையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எனக்கு டேப் பிடித்தது வீட்டிலும் சிறு அரங்கிலும்தான். மண்டபத்தில் கீபோர்டின் இடது கைக்கு அடியில் காணாமல் போய்விடும்.

சிக்கல் தடிமன். ரோட்டோசவுண்டின் ட்ரூ பேஸ் 88 என்ற செட் 65 முதல் 115 வரை. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டுதான் நட்; அதில் 45-க்கு வெட்டிய பள்ளத்தில் 65 உட்காராது. பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தினால் அப்புறம் பழைய கம்பிக்குத் திரும்ப வழி இல்லை. அது பள்ளத்தில் ஆடும், புது நட் போட வேண்டும். ஆகவே முதலில் டிஅடாரியோவின் கறுப்பு நைலான் மாதிரி 50–105 செட்டைப் பாருங்கள், பல பேஸ்களில் அரம் இல்லாமலே உட்காரும். இழுவை குறைவதால் நெக் பின்னுக்குச் சாய்ந்து சலசலக்கலாம், அப்போது ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். கம்பி உடலுக்குள் நுழைந்து பின்பக்கம் வரும் பேஸ் என்றால் டேப்பையும் பிளாட்டையும் அங்கே கூர்மையாக மடக்காமல், முடிந்தால் பிரிட்ஜ் வழியாகவே மாட்டுங்கள்.

நடுவே இரண்டு சமரசங்கள் உண்டு. ரவுண்டைச் சுற்றிவிட்டு மேலே இழைத்துச் சமப்படுத்தும் ஹாஃப்ரவுண்ட். எனக்கு இரண்டின் குறையும் சேர்ந்தது போலப் பட்டது, நண்பர்கள் சிலர் அதைத் தவிர வேறு தொடமாட்டார்கள். மற்றது எலிக்ஸிர் போன்ற மேற்பூச்சுள்ள ரவுண்ட். அழுக்கைப் பள்ளத்துக்குள் விடாது. விலை கூடுதல்தான், ஆனால் வியர்வைக் கையும் வேண்டும், ட்ஸிங்கும் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## காசுக் கணக்கு

கணக்குக்கு மட்டும் ரவுண்ட் செட் 2,000 ரூபாய், பிளாட் 4,500 என்று வைத்துக்கொள்வோம். ட்ஸிங் எப்போதும் வேண்டும் என்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 12,000. பிளாட் மூன்று வருடம் நின்றால் வருடத்துக்கு 1,500. முதல் செட்டப் கூலியைச் சேர்த்தாலும் பக்கத்தில் வராது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நிக்கல் ரவுண்டின் பளபளப்பு போன பிறகு வருகிற அடங்கிய ஒலி பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அதோடு வாழ முடிந்தால் வருடம் ஒரு செட், 2,000 ரூபாய். அப்போது பிளாட்டுக்கும் ரவுண்டுக்கும் காசு விஷயத்தில் சண்டையே இல்லை. ட்ஸிங்குக்குத்தான் நாம் வாடகை கட்டுகிறோம்.

## இனி பெடல்

பெடல் இல்லாத ஒன்றை உண்டாக்காது. ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ், ஒரு ஸ்தாயி கீழே சுரம் சேர்க்கும் ஆக்டேவ் போன்றவை விலக்கு. மற்றவை கம்பியில் இருப்பதைக் கூட்டும், குறைக்கும், ஆட்டும். அதனால் கம்பியைத் தீர்மானிக்காமல் பெடல் வாங்குவது, அரிசி வாங்குவதற்கு முன் பொடி வாங்குவது போல. என் அனுபவத்தில் எது எதோடு சேரும் என்பதைக் கீழே வைத்திருக்கிறேன்.

| பெடல் | ரவுண்ட் | பிளாட் | டேப் |
|---|---|---|---|
| கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) | ஸ்லாப் துள்ளலை அடக்கத் தேவை | கம்பியே சமமாக ஒலிக்கும், அவசரமில்லை | தொய்வைத் தாங்கிப் பிடிக்கும் |
| ஓவர்டிரைவ் | நுனியில் மணல் விழும், டோனைக் குறைக்க வேண்டும் | மிக நன்றாகச் சேரும் | சேரும், அளவோடு |
| என்வலப் ஃபில்டர் | 'வாவ்' முழுதாக வரும் | பாதிதான் வரும் | வீண் |
| ஆக்டேவ் | சில சமயம் தடுமாறும் | நூல் பிடித்தது போல் தொடரும் | அதே |
| கோரஸ் (ஒன்றைப் பல போலக் காட்டுவது) | பளிச்சென்று விரியும் | தெரிந்தும் தெரியாமலும் | ஃப்ரெட்லெஸில் அழகு |

என்வலப் ஃபில்டர் வேலை செய்வது மேல் ஒலிகளை மூடித் திறப்பதன் மூலம். பிளாட்டில் அங்கே திறக்க அதிகம் இல்லை, அதனால்தான் அந்தக் கட்டம் அப்படி. ஆக்டேவ் பெடலுக்கு நேர் எதிர். பாஸ் ஓசி-2 போன்ற அனலாக் பெட்டிகள் அடிச்சுரத்தைப் பிடித்துக் கொண்டுதான் ஒரு ஸ்தாயி கீழே போகும். மேல் ஒலிகள் அதிகம் கலந்தால் குழம்பும். எந்தக் கம்பியானாலும் ஈ கம்பியின் அடி ஃப்ரெட்டுகளில் அது உளறும். மேலே ஏறி வாசியுங்கள்.

ஓவர்டிரைவ்தான் மண்டபக்காரருக்கு முக்கியம். பிளாட் பிடிக்கும், ஆனால் சிஸ்டத்தில் காணாமல் போகிறேன் என்பவருக்கு, குறைந்த அளவு ஓவர்டிரைவ் இழந்த மேல் ஒலிகளைத் திரும்பக் கொண்டுவரும். 'டிரைவ்' என்று கேட்பவருக்குத் தெரியவே கூடாது. பேஸ் திடீரெனப் புரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான். நண்பனிடமிருந்து கிட்டார் பெடலை வாங்கி இதைச் செய்யாதீர்கள். ட்யூப் ஸ்க்ரீமர் வகை, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறைத்துத்தான் டிரைவுக்குள் விடும். பேஸுக்கு வாங்கும் பெடலில் சுத்த ஒலியையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் இருக்கிறதா பாருங்கள். டி.ஐ. அவுட்டும் சேர்ந்த ப்ரீஆம்ப் பெடலாக இருந்தால் ஆம்ப் இல்லாத மேடையில் நேராக மிக்ஸருக்கே போய்விடலாம். அதில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருந்தால் மண்டபத்து 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கும் பெரும்பாலும் அதுவே மருந்து.

## நான் என்றால்

ஒரே ஒரு பேஸ், மெல்லிசைக் குழு, ஒரே ராத்திரியில் எம்.எஸ்.வி.யிலிருந்து அனிருத் வரை: நிக்கல் ரவுண்ட், 45–105. பளபளப்பு போனாலும் ஓட்டுங்கள். பழைய பாட்டு வரும்போது டோன் குமிழை இறக்கி, பிரிட்ஜ் பக்கம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் பிளாட்டின் வாசல் வரை போய்விடலாம். பிளாட் வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் ஒரு வாரம் இப்படி வாசித்துப் பாருங்கள். அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தால் பிளாட் வாங்குங்கள்.

சர்ச்சில் வாராவாரம், ஒழுங்கான சிஸ்டம், ஸ்லாப் இல்லை என்றால் யோசிக்காமல் பிளாட். இரண்டு பேஸ் இருந்தால் ஒன்று பிளாட், ஒன்று ரவுண்ட்; மாற்றி மாற்றி ஒரே பேஸில் போட்டு நெக்கை வதைக்க வேண்டாம். ஃப்ரெட்லெஸ் என்றால் டேப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பையில் வைத்து எடுத்துப் போகும், கம்பி அதிரும் நீளம் 30 அங்குலமே உள்ள குட்டி பேஸ் என்றால் அதற்கென்று ஷார்ட் ஸ்கேல் என்று போட்ட செட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். 34 அங்குலத்துக்கான பிளாட்டை மாட்டினால் தடித்த பகுதியையே சாவியில் சுற்ற வேண்டிவரும்.

எதை மாட்டினாலும் கழற்றிய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுக் கம்பி வந்த உறையிலேயே சுருட்டி, தேதி எழுதி, கிட்டார் பையின் முன் ஜிப்பில் வையுங்கள். நிகழ்ச்சி நடுவே ஜி கம்பி அறுந்தால், ஊரில் எந்தக் கடையும் திறந்திருக்காது.